ஆரி கற்ற கைக்கு யூடியூபா, இன்ஸ்டா ஆர்டரா, ஆன்லைன் வகுப்பா?

ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் ப்ளவுஸில் ஜரியும் மணியும் வைத்துப் போடும் பூவேலை, கற்று முடித்த பெண்கள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: இதை வைத்து வீட்டிலிருந்தே எப்படிச் சம்பாதிப்பது? ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ‘யூடியூப் சேனல் ஆரம்பி’ என்பார் ஒருவர். ‘இன்ஸ்டாவுல பேஜ் போடு, ஆர்டர் தானா வரும்’ என்பார் இன்னொருவர். ‘ஆன்லைன் கிளாஸ் எடு’, ‘மெட்டீரியல் வாங்கி வித்துப் பாரு’ என்று அது நீண்டுகொண்டே போகும். எல்லாமே நடக்கக்கூடியவைதான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எல்லாமே பாதியில் நிற்கும். முதலில் ஒன்றைத்தான் கையில் எடுக்க முடியும்.

நான் ஆர்டரும் எடுக்கிறேன், வகுப்பும் நடத்துகிறேன். வித்தை ஒன்றே என்றாலும் இவை ஒவ்வொன்றும் தனித்தனித் தொழில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை வேறு, காசு வரும் வேகம் வேறு, சிக்கல் வரும் இடமும் வேறு. க்ரோஷா, எம்பிராய்டரி, கோலம், களிமண் நகை என்று எந்தக் கைவேலையில் விருப்பம் இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஆரி என்பதால் அதை வைத்தே பேசுகிறேன்.

யூடியூப்: பார்வைக்குக் காசு

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதனால் இதன் விதிகளை முதலில் பார்த்துவிடலாம். விளம்பர வருமானத்தில் பங்கு கிடைக்க 1000 சப்ஸ்கிரைபர்கள் வேண்டும். அதோடு கடைசி 12 மாதத்தில் 4000 மணி நேரம் உங்கள் வீடியோக்கள் பார்க்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது 90 நாளில் ஷார்ட்ஸுக்கு ஒரு கோடி பார்வை வந்திருக்க வேண்டும். ஷார்ட்ஸ் வரிசையில் ஓடும் குட்டி வீடியோக்களைப் பார்த்த நேரம் அந்த 4000 மணிக் கணக்கில் சேராது. பலருக்கு இது தெரிவதில்லை. ஷார்ட்ஸாகப் போட்டுத் தள்ளிவிட்டு ‘இவ்வளவு வியூஸ் வந்தும் மணி நேரம் ஏறவே இல்லையே’ என்று தவிப்பார்கள்.

4000 மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடம். ஒருவர் உங்கள் வீடியோவைச் சராசரியாக நான்கு நிமிடம் பார்க்கிறார் என்று வைத்தால் அறுபதாயிரம் பார்வை வேண்டும். முடியாத எண் இல்லை. ஆனால் அங்கே போய்ச் சேர்ந்ததும் காசு கொட்டும் என்று நினைக்கக் கூடாது. அது உள்ளே நுழைய அனுமதி கிடைக்கும் இடம், அவ்வளவுதான். நீள வீடியோவில் விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் உங்களுக்கு வரும். ஷார்ட்ஸில் கணக்கிடும் முறையே வேறு, பங்கு 45 சதவீதம். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்கத் தபாலில் ஒரு பின் எண் வரும். 100 டாலரைத் தொட்டால்தான் பணம் வங்கிக்கு வரும். அமெரிக்க வரிப் படிவம் ஒன்றையும் நிரப்ப வேண்டும். நிரப்பினால் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்த தொகையில் மட்டும் நமக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள். நிரப்பாமல் விட்டால் மொத்த வருமானத்திலும் 24 சதவீதம் வரை பிடிக்கலாம். அந்தப் படிவத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

500 சப்ஸ்கிரைபர், 90 நாளில் மூன்று வீடியோ, 3000 மணி நேரம் என்று கீழ்ப்படி ஒன்றும் உண்டு. அதில் பார்வையாளரே நேரடியாகப் பணம் தரும் மெம்பர்ஷிப், சூப்பர் தேங்க்ஸ் போன்ற வசதிகள் மட்டும் திறக்கும். விளம்பரப் பங்கு வராது.

யூடியூப் பேச்சு வந்தாலே புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்து வில்லேஜ் குக்கிங் சேனலை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். 2018இல் தொடங்கிய சேனல், 2021இல் ஒரு கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. தமிழ்ச் சேனல்களில் அந்த எல்லையை முதலில் எட்டியது அதுதான். அவர்கள் உழைப்பு பெரியது, மரியாதைக்குரியது. ஆனால் சமையல் வீடியோவுக்கும் நம்முடையதற்கும் ஒரு அடிப்படை வேறுபாடு இருக்கிறது. வயல்வெளியில் பெரிய அண்டாவில் பிரியாணி வேகுவதைச் சமைக்கவே நினைக்காதவரும் பார்ப்பார், மொழி தெரியாதவரும் பார்ப்பார். பார்ப்பதே அங்கே இன்பம். கழுத்துப் பட்டியில் வாட்டர் ஃபில்லிங் என்ற நிரப்புத் தையலைப் போடுவதை இருபது நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவர் யார்? ஒன்று, கற்றுக்கொள்ள நினைப்பவர். இல்லை, தன் வீட்டுக் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தேடுபவர். கூட்டம் சிறியது, ஆனால் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்று வேண்டி வந்தவர்.

என் முடிவு முழுக்க இதிலிருந்துதான் வருகிறது. வேடிக்கை பார்க்கும் பெருங்கூட்டம் இருந்தால் பார்வைக்கு வரும் காசை நம்பலாம். தேவையோடு வரும் சிறுகூட்டம் இருந்தால் அவர்கள் தேவையைத் தீர்த்து அதற்குக் காசு வாங்க வேண்டும். ஆரிக்கு விளம்பரப் பங்கு உபரி வருமானம்தான், குடும்பம் நடத்த உதவாது. சேனல் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது உங்கள் வேலையை ஊருக்குக் காட்டும் இடம். தேடலில் வரும் என்பதால் மூன்று வருடத்துக்கு முன் போட்ட வீடியோவும் ஆள் கொண்டுவரும். இன்ஸ்டா ரீல்ஸுக்கு அந்த ஆயுள் கிடையாது.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்: ஆர்டர்

யூடியூப் போல விளம்பரப் பங்கு கிடைக்கும் என்று எண்ணி இன்ஸ்டாவுக்கு வராதீர்கள். அங்கே வருமானம் ஆர்டரில்தான். இதில் பெரிய அனுகூலம் வேகம். நன்றாக வேலை தெரிந்தவர் பக்கம் தொடங்கிய முதல் முகூர்த்த சீசனிலேயே ஆர்டர் பிடித்துவிடலாம். நூறு ஃபாலோயர் இருந்தாலும் அதில் இரண்டு பேர் மணப்பெண்ணாக இருந்தால் போதும்.

ஆனால் ஒரு ப்ளவுஸுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பதை முதலில் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். வாடிக்கையாளர் புடவைப் போட்டோ அனுப்புவார், கூடவே எங்கிருந்தோ எடுத்த நாலு டிசைன் படங்கள். பேசிப் பேசி ஒன்றை முடிவு செய்ய வேண்டும். அளவு ப்ளவுஸும் துணியும் கூரியரில் வரும். டிசைனைப் பட்டர் பேப்பரில் வரைந்து, ஊசியால் துளைபோட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் ட்ரேசிங் துணியில் இறங்கும். பிறகு ஃப்ரேமில் துணியை இழுத்துக் கட்டி, முதுகுக் கழுத்து, இரண்டு கை, விருப்பப்பட்டால் பின்பக்கத்தில் மோட்டிஃப் எனும் தனி உருவம். ஜரி இழை, சுகர் பீட்ஸ் எனும் பொடி மணி, குந்தன் கல், ஜர்தோசி எனும் சுருள் கம்பி என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். முடிந்ததும் பின்பக்க நூல்களை முடிச்சிட்டு, பசை தடவிக் காயவைத்து, போட்டோ எடுத்து, பேக் செய்து அனுப்ப வேண்டும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஐயாயிரம் ரூபாய் ப்ளவுஸ். மெட்டீரியல் 900 என்று வைத்துக்கொள்வோம். ஊசி பிடித்த நேரம் 25 மணி. வாட்ஸ்அப் பேச்சு, ட்ரேசிங், பேக்கிங் எல்லாம் சேர்த்து இன்னும் 3 மணி. மிச்சம் 4100 ரூபாயை 28 மணியால் வகுத்தால் மணிக்கு 146 ரூபாய் சொச்சம். வீட்டிலிருந்து கிடைக்கும் வேலைக்கு இது மோசமான கூலி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதே ப்ளவுஸை ‘முதல் ஆர்டர்தானே, ஃபாலோயர் வரட்டும்’ என்று 2500க்குப் போட்டுக்கொடுத்தால் கையில் நிற்பது மணிக்கு 57 ரூபாய். அப்படிக் குறைத்துத் தொடங்கியவர் பிறகு விலையை ஏற்றவும் முடிவதில்லை, அந்த ஊரில் மற்றவர் கூலியும் சேர்ந்து இறங்குகிறது. இது எனக்கு உண்மையாகவே மனம் வலிக்கும் விஷயம். இரவெல்லாம் கண் விழித்துப் போட்ட வேலைக்கு இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு, ‘அடுத்த தடவை நல்லா தர்றேன்னு சொல்லியிருக்காங்க’ என்று சொல்லும் தங்கைகளை நிறையப் பார்க்கிறேன். மணிக்கணக்கு போட்டு விலை சொல்லுங்கள். அந்த விலைக்கு வராத வாடிக்கையாளர் போகட்டும்.

‘விலை இன்பாக்ஸில்’ என்று எழுதும் பழக்கமும் எனக்குப் பிடிக்கவில்லை. ‘இதுபோன்ற வேலை 4500 முதல்’ என்று படத்திலேயே போட்டுவிட்டால் விசாரணைகள் குறையும், ஆர்டர் குறையாது. விசாரிப்பவர்களுக்குப் பதில் எழுதுவதும் உங்கள் வேலை நேரம்தான்.

பண விஷயத்தில் மூன்றைக் கறாராக வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தொகை முன்பணமாக வந்த பிறகே ட்ரேசிங். மீதி வந்த பிறகே பார்சல். பணம் வந்ததை உங்கள் வங்கிக் கணக்கில் பார்த்து உறுதி செய்யுங்கள். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம், போலி ஸ்கிரீன்ஷாட் செய்வது மிகச் சுலபம். யுபிஐயில் பணம் பெறுவதற்கு நீங்கள் பின் எண் போடத் தேவையே இல்லை. ‘அனுப்பியிருக்கேன், பின் போட்டு ஏத்துக்குங்க’ என்று யாராவது சொன்னால் அது மோசடி.

அப்புறம், தேதி. முகூர்த்தத் தேதி யாருக்காகவும் நகராது. உங்கள் கையிலிருந்து போன பிறகு தையல்காரருக்கு நான்கைந்து நாள் வேண்டும். நீங்கள் ஒப்புக்கொள்ளும் தேதி அதையெல்லாம் கழித்த தேதியாக இருக்க வேண்டும். இன்ஸ்டாவில் போட்ட அழகான படம் ஆயிரம் பேரைக் கொண்டுவரலாம். தாலி கட்டும் முந்தின நாள் வராத ப்ளவுஸ் அந்தக் குடும்பத்தின் மொத்த உறவையும் கைநழுவ விட்டுவிடும்.

ஆர்டரின் எல்லை உங்கள் இரண்டு கைதான். மாதத்துக்கு ஐந்தாறு கனமான ப்ளவுஸ் போட்டால் கழுத்தும் முதுகும் கண்ணும் சொல்லிவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் பக்கத்து வீட்டுப் பெண்களுக்குப் பீஸ் கணக்கில் கொடுத்து வாங்க வேண்டும். அப்போது நீங்கள் ஆரி போடுபவராக இருக்க மாட்டீர்கள். வேலை பிரித்துக் கொடுத்து, சரிபார்த்து, கூலி கொடுப்பவராக மாறிவிடுவீர்கள். சிலருக்கு அது நன்றாகவே வரும். ஊசி பிடிக்கும் சந்தோஷத்துக்காக வந்தவருக்கு வராது.

ரீல்ஸ் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கணக்கை வணிகக் கணக்காக மாற்றினால் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. கவலைப்பட வேண்டாம். ஊசி துணியைத் துளைக்கும் ‘டக் டக்’ ஓசையை நெருக்கத்தில் பதிவு செய்து போட்டாலே நன்றாக இருக்கும். அடுத்தவர் போட்ட வேலையின் படத்தை உங்கள் பக்கத்தில் மட்டும் போட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் அதைக் காட்டி ‘இதே மாதிரி’ என்பார், உங்கள் கையில் அது வராது.

ஆன்லைன் வகுப்பு

என் கணக்கில் ஆரிக்கு மிகப் பொருத்தமான ஆன்லைன் வருமானம் இதுதான். காரணம் ஆரியின் செய்முறையிலேயே இருக்கிறது.

ஆரி ஊசியின் முனையில் ஒரு சிறு கொக்கி. நூல் துணிக்கு மேலே இருக்காது, அடியில் இருக்கும். வலது கை மேலிருந்து ஊசியைக் குத்தும்போது, ஃப்ரேமுக்குக் கீழே இடது கை அந்த நூலைக் கொக்கியில் சுற்றிவிட வேண்டும். ஊசியைச் சிறிது திருப்பி மேலே இழுத்தால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்துக்குள்ளேயே மறுபடி குத்தி அடுத்த வளையத்தை எடுத்தால் செயின் ஸ்டிச். பாதி வேலை அடியில் இருக்கும் கை செய்வது. ஆனால் இலவச வீடியோக்களில் பெரும்பாலும் மேலே இருக்கும் கைதான் தெரிகிறது. பார்த்துவிட்டு உட்காரும் பெண்ணுக்கு நூல் மேலே வராது, கொக்கி துணியில் மாட்டும், துணி ஓட்டையாகும். ‘எனக்கு இதெல்லாம் வராதுக்கா’ என்று ஊசியை வைத்துவிடுவார். அவர் கையில் கோளாறு எதுவும் இல்லை. நூலை இழுத்துப் பிடிக்கிறாரா, தளர விடுகிறாரா என்று பார்த்துச் சொல்ல ஆள் இல்லை, அதுதான் விஷயம்.

இலவசமாகக் கிடைக்காத அந்தத் திருத்தத்துக்குத்தான் மாணவர் காசு கொடுக்கிறார். ஆகவே நேரலை வகுப்பு, சிறு குழு, தினமும் அவர் போட்டதைப் போட்டோவில் வாங்கித் திருத்துவது: இந்த மூன்றும் இருந்தால்தான் அது வகுப்பு. பழைய செல்போன் ஒன்றை ஃப்ரேமுக்கு அடியில் மேல்நோக்கி வைத்து, பக்கத்தில் சிறு விளக்கு ஒன்றை ஏற்றி, அதையும் இரண்டாவது ஆளாக வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அடியில் இருக்கும் கை எப்படி நகர்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அடிக் கையைப் பார்த்த பிறகு, வாரக்கணக்கில் வராத செயின் ஒரே உட்காரலில் வந்துவிட்டதாக மாணவர்கள் சொல்வதுண்டு.

பணக் கணக்கு: பதினைந்து பேர், ஆளுக்கு 1500 ரூபாய் என்றால் 22,500. மாதம் இருபது நாள், ஒரு மணி நேர வகுப்பு, திருத்தத்துக்கு இன்னொரு மணி. மொத்தம் 40 மணி. மணிக்கு 560 ரூபாய்க்கு மேல் நிற்கிறது. ஆர்டரில் வந்த 146உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இலவச ஜூமில் ஒரு கூட்டம் 40 நிமிடம்தான் ஓடும் என்பதால் வகுப்பை அதற்குள் திட்டமிடலாம், அல்லது சந்தா கட்டலாம்.

சரி, அப்படியானால் எல்லோரும் வகுப்பே எடுத்துவிடலாமே? முடியாது. பதினைந்து பேரை ஒவ்வொரு மாதமும் எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் இங்கே கஷ்டம். கற்றுக்கொண்டவரும் அடுத்த மாதம் வகுப்பு தொடங்கிவிடுகிறார். மூன்று மாதம் மட்டும் ஊசி பிடித்தவர் ஆசிரியராகிறார். ஆர்டர் எடுத்துப் பழகாதவரிடம் கற்பவருக்கு ஸ்டிச் பெயர்கள் தெரியும், ஆனால் கை அளவு மாறினால் மோட்டிஃபை எங்கே நகர்த்துவது என்று தெரியாது. நீங்கள் முடித்துக் கொடுத்த ப்ளவுஸ்கள் உங்கள் பக்கத்தில் வரிசையாக இருப்பதுதான் உங்கள் தகுதிச் சான்று. ஆகவே வகுப்புக்குப் போகும் வழி ஆர்டர் வழியாகத்தான் போகிறது.

பதிவு செய்த கோர்ஸை விற்பது தனி. ஒரு முறை உழைத்தால் பலமுறை விற்கலாம் என்று சொல்வார்கள். நடப்பது என்னவென்றால், ஒருவர் வாங்கி டெலிகிராமில் போட்டுவிடுவார். திருத்தமும் இல்லாததால் பாதிப் பேர் மூன்றாவது பாடத்தில் நின்றுவிடுவார்கள். நேரலை வகுப்புக்கு வந்தவர்களுக்குத் திரும்பிப் பார்க்கப் பதிவைக் கொடுங்கள். அதையே தனியாக விற்பதை முதல் வருடத்தில் யோசிக்க வேண்டாம்.

‘வீட்டிலிருந்தே மாதம் ஐம்பதாயிரம்’ என்று விளம்பரம் போட்டு ஆள் சேர்க்காதீர்கள். இந்த வகுப்புகளுக்கு வருபவர்களில் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் பெண்கள் இருக்கிறார்கள். அரசு அங்கீகாரம் இல்லாத சான்றிதழை அரசுச் சான்றிதழ் போலக் காட்டுவதும் அப்படித்தான், அவர்களை ஏமாற்றுவது. என்ன கற்றுத்தருவீர்கள், எத்தனை நாள், முடிவில் எந்தெந்த ஸ்டிச் அவர் கையில் வந்திருக்கும் என்று மட்டும் எழுதுங்கள். அதுவே போதுமான விளம்பரம்.

பொருள் விற்பனை

பீட்ஸ், ஜரி, ஊசி, ஃப்ரேம். சென்னை சௌகார்பேட்டையில் மொத்தமாக எடுத்து வந்து சிறு பாக்கெட்டாகப் போட்டு விற்பது. லாபம் வரும், ஆனால் முதல் முடங்கும். சுகர் பீட்ஸ் ஒன்றிலேயே எத்தனை நிறம்! வாடிக்கையாளர் கேட்பது உங்களிடம் இல்லாத அந்த ஒரு ஷேடாக இருக்கும். பெரிய ஆன்லைன் கடைகளோடு விலையில் மோதவும் முடியாது.

வரி விஷயம் ஒன்றும் இதில் உண்டு. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்றால் வருடத்துக்கு 40 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. ஆனால் பொருளை வெளி மாநிலத்துக்கு விற்றால் அந்த வரம்பு பொருந்தாது. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு இருந்தாலும் கடையில் வாங்கிய பீட்ஸுக்கு இல்லை. பெங்களூருக்கு ஒரு பாக்கெட் அனுப்பும் முன் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மாணவர்களுக்கு மட்டும் தொடக்கப் பெட்டியாகக் கொடுப்பது நல்ல வழி. எத்தனை பேர் என்று முன்பே தெரியும், நிறமும் நீங்களே முடிவு செய்தது, ஒன்றும் மிஞ்சாது.

விளம்பர ஒப்பந்தமும் இணைப்பு கமிஷனும்

நீங்கள் போடும் இணைப்பு வழியாக ஒருவர் பொருள் வாங்கினால் கிடைக்கும் இணைப்பு கமிஷன் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. அமேசானில் சேர்ந்தால் 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு மூடப்படும். உங்கள் இணைப்பைத் தொட்டவர் பொதுவாக 24 மணி நேரத்துக்குள் வாங்கினால்தான் கமிஷன். ஃப்ரேம், விளக்கு, போன் ஸ்டாண்டு இணைப்புகளை வீடியோவுக்குக் கீழே போட்டு வையுங்கள். வந்தால் வரட்டும்.

நிறுவனங்கள் பணமோ பொருளோ கொடுத்து விளம்பரம் கேட்பது கொஞ்சம் பக்கம் வளர்ந்த பிறகு வரும். இதில் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை இதற்கென வழிகாட்டுதல் வெளியிட்டது: பணமோ இலவசப் பொருளோ வாங்கியிருந்தால் அதைப் பதிவிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரே நிறுவனம் வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள இலவசப் பொருளைக் கொடுத்து அதை நீங்களே வைத்துக்கொண்டால், 10 சதவீதம் வரி பிடிக்கும் விதி 2022 ஜூலை முதல் உண்டு. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாயம் போகும் நூலை ‘சூப்பர்’ என்று நீங்கள் சொல்லி, அதை வாங்கிப் போட்ட பெண்ணின் பட்டு ப்ளவுஸ் கறையானால் நஷ்டஈடு யார் கொடுப்பது? நீங்கள் போட்டு, துவைத்துப் பார்க்காத எதையும் சொல்லாதீர்கள்.

யாருக்கு எது

கைக்குழந்தை உள்ளவர் தேதி போட்டு ஆர்டர் எடுப்பது கஷ்டம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முகூர்த்தம் காத்திருக்காது. இவருக்குச் சாதாரணக் கழுத்து வேலை, முன்கூட்டியே போட்டு வைத்து விற்கும் கைப்பட்டைகள், துணியில் வைத்துத் தைக்கும் தனி மோட்டிஃப்கள் பொருந்தும்.

ஏற்கெனவே தையல் கடை வைத்திருப்பவர் இன்ஸ்டா ஆர்டரைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அளவு எடுப்பதும் தைப்பதும் அவர் கையிலேயே இருப்பதால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்தது. யூடியூப் அவருக்கு நேர விரயம்.

பேசப் பிடிக்கும், எடிட்டிங் தெரியும், வருமானத்துக்கு அவசரமில்லை என்ற கல்லூரி மாணவி சேனல் தொடங்கட்டும். அதிலும் சினிமா நடிகை போட்ட ப்ளவுஸ் பற்றிய செய்தி வீடியோக்களைவிட, ‘நூல் ஏன் மேலே வரவில்லை’ போன்ற ஒரே பிரச்சினையைத் தீர்க்கும் வீடியோக்கள் நீண்ட நாள் உதவும்.

இந்த மாதமே காசு வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு நான் சொல்வது, சமூக ஊடகத்துக்கு முன் பக்கத்துத் தையல் கடைகள் நான்குக்குப் போய் உங்கள் மாதிரித் துணியைக் காட்டுங்கள். கூலி குறைவாக இருக்கும், ஆனால் வேலை உடனே வரும். அந்த வேலைகளின் படங்களே உங்கள் பக்கத்தை நிரப்பும். படம் போடும் முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வழியில் போனாலும் வாடிக்கையாளர், மாணவர் போன் எண்களை உங்களிடம் வைத்திருங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை மத்திய அரசு தடை செய்தபோது, அதை மட்டுமே நம்பியிருந்தவர்களின் ஃபாலோயர்கள் எல்லோரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். அவர்கள் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால்தான் செய்தி போய்ச் சேரும், அதனால் பார்சலோடு அனுப்பும் சீட்டில் ‘எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுதிவிடுங்கள்.

ஓரளவு நன்றாக வேலை தெரிந்த, தினமும் நான்கைந்து மணி நேரம் ஒதுக்கக்கூடிய ஒருவருக்கு என் பரிந்துரை, முதல் வருடம் இன்ஸ்டா வழி ஆர்டர், அதன் பிறகு வகுப்பு. இரண்டும் மோதாமல் இருக்க முகூர்த்த மாதங்களைப் பாருங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால் அப்போது கை சும்மா இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். ஆவணிக் கல்யாண ப்ளவுஸ் போடுவது ஆடியில்தான், தை முகூர்த்தத்துக்கான வேலை நடப்பது மார்கழியில்தான். உண்மையில் கை ஓயும் நாட்கள் ஆனிக் கடைசி முதல் ஆடி நடு வரை, ஆவணிக் கடைசி முதல் புரட்டாசி நடு வரை, அப்புறம் கார்த்திகைக் கடைசி. முதல் வகுப்பைத் தொடர்ந்து இருபது நாளில் முடியும்படி சுருக்கி ஆனிக் கடைசியில் தொடங்குங்கள், அறிவிப்பை ஆனி பிறந்ததும் போட்டுவிடுங்கள். அந்த முதல் குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். பத்துப் பேர் அனுப்பும் போட்டோக்களைத் திருத்தவே மாலை முழுக்கச் சரியாக இருக்கும்.